கேலிச்சித்திரம்: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

1831ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிஸ் நகர நீதிமன்றத்தில் ஒரு விந்தையான வாதம் நடைபெற்றது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பை இழிவுபடுத்தும் படத்தை வெளியிட்டார் என்பது சார்ல் பிலிப்போன் என்னும் இதழாசிரியர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அவர் தம் தரப்பை விளக்க நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவது, மன்னரின் முகம். இரண்டாவதும் அதே முகம்தான். ஆனால், கன்னங்கள் சற்றுப் பருத்திருந்தன. மூன்றாவதில் நெற்றி மேலும் ஒடுங்கித் தாடை மேலும் அகன்றிருந்தது. நான்காவதில் இருந்ததோ வெறும் பேரிக்காய்! மன்னரைப் போல இருப்பதால் முதல் படம் குற்றமென்றால், முதல் படத்தைப் போல இருக்கும் இரண்டாவதும் குற்றமாகும். அப்படியே போனால் பேரிக்காயையும் அல்லவா தண்டிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிலிப்போனுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும், மக்கள் அந்தப் படத்தை மறக்கவில்லை. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பேரிக்காய் என்னும் சொல் ஏமாளியையும் குறிக்கும். விரைவிலேயே பாரிஸ் நகரச் சுவர்களில் சிறுவர்கள்கூடப் பேரிக்காய்ப் படத்தைக் கிறுக்கத் தொடங்கினர். மன்னரின் பெயரை எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

படையும் சட்டமும் கையில் வைத்திருந்த ஓர் அரசு சில கோடுகளுக்கு ஏன் அஞ்சியது? அந்தக் கோடுகளுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? அந்த ஆற்றலை எவ்வாறு பயன்படுத்துவது முறையாகும்? இக்கேள்விகளுக்கு விடை கண்டால், அன்றாடம் நம் கண்ணில் படும் கேலிச்சித்திரங்களைச் சரியாகப் படிக்கவும் எடைபோடவும் முடியும்.

கேலிச்சித்திரத்தின் மொழி

நகைச்சுவையைப் பற்றித் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை. அந்த நகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கிறது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டிருப்பது எள்ளல். எள்ளலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்று பேராசிரியர் என்னும் உரையாசிரியர் விளக்குகிறார். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவது மற்றொன்று. கேலிச்சித்திரக் கலையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது.

கேலிச்சித்திரம் பெரும்பாலும் மூன்று உத்திகளைக் கையாள்கிறது. முதலாவது, மிகைப்படுத்தல். ஒருவரிடம் உள்ள ஒரு கூறு பெரிதாக்கிக் காட்டப்படும். இல்லாததை வரைந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். உள்ளதைப் பெரிதாக்கினால்தான் சிரிப்பு வரும். இரண்டாவது, ஒப்புமை. மன்னர் பேரிக்காயானது இவ்வகையைச் சாரும். பிரெஞ்சு ஓவியர் கிரான்வில், நாகரிக உடை அணிந்த மனித உடல்களின்மேல் விலங்குகளின் தலைகளைப் பொருத்தி வரைந்தார். அப்படங்கள் 1829ஆம் ஆண்டில் பெரும்புகழ் பெற்றன. மூன்றாவது, மாதிரி மாந்தர். இதில் குறிப்பிட்ட ஒருவரை வரையாமல், பலரிடம் காணப்படும் ஒரு குணத்திற்கு உருவம் கொடுப்பர். கஞ்சன், புகழ் விரும்பி, போலிப் பெரியவர் போன்றோர் இவ்வாறு பிறந்தவர்களே. சமூகப் பழக்கவழக்கங்களைக் காட்டும் படங்கள் இம்மூன்றாம் உத்தியையே பெரிதும் நம்பியுள்ளன.

கல்லில் பிறந்த படங்கள்

இக்கலை பிரான்சில் செழித்ததற்கு ஓர் அச்சுமுறையும் காரணமாகும். அதற்கு முன்பு படங்களை அச்சிட, மரக்கட்டையைச் செதுக்க வேண்டும். அல்லது செப்புத் தகட்டைக் கீற வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். ஓவியர் வரைந்ததைத் தகட்டில் பொறிப்பதற்குத் தேர்ந்த கைவினைஞரும் தேவை. 1796ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை நாம் அறிவோம். கல்லச்சின் அடிப்படை இதுவே. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல், கொழுப்புக் கலந்த எழுதுகோலால் ஓவியர் நேரடியாக வரைவார். பிறகு, கல்லை வேதிக் கலவையால் பதப்படுத்தி நீரால் நனைப்பர். வரையாத இடங்கள் நீரை ஏற்றுக்கொள்ளும். கொழுப்புக் கோடுகள் நீரை விலக்கும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால், மை கோடுகளில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். நேற்று நடந்ததைப் பற்றிய படம் ஓரிரு நாளில் மக்கள் கைகளில் இருக்கும்!

பிலிப்போன் 1830இல் ‘லா கரிகாதுர்’ என்னும் வார இதழையும், 1832இல் ‘லெ ஷாரிவாரி’ என்னும் நாளிதழையும் தொடங்கினார். ஷாரிவாரி என்பது ஒரு பழைய ஊர் வழக்கத்தின் பெயர். ஊர் ஒழுங்கை மீறியவர் வீட்டின்முன் கூடி, பானை சட்டிகளைத் தட்டி இரைச்சல் எழுப்புவதை அச்சொல் குறிக்கும். பிலிப்போனின் இதழும் அவ்வேலையைத்தான் செய்தது. இதழை வாங்க இயலாதவர்கள், படக்கடையின் கண்ணாடிச் சன்னலில் ஒட்டப்பட்ட படங்களைத் தெருவில் நின்றே பார்த்துச் சிரித்தனர். அவர்களுள் எழுத்தறியாதவர்களும் இருந்தனர். அரசு அஞ்சியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தடையும் திருப்பமும்

பிலிப்போனின் இதழ்களில் வரைந்தவர்களுள் தலைசிறந்தவர் ஒனோரே தோமியே. 1808இல் மார்செய் நகரில் பிறந்த அவர், இளமையில் நீதிமன்ற அலுவலர் ஒருவரிடம் எடுபிடி வேலை செய்தார். வழக்கறிஞர்களின் நடையுடை பாவனைகளை அங்கேதான் நேரில் கண்டார். 1831இல் அவர் மன்னரை ஒரு பேருருவ அரக்கனாக வரைந்தார். ஏழை மக்களிடம் திரட்டிய பணத்தைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து, அந்த அரக்கனின் வாயில் கொட்டுவதாக அப்படம் அமைந்தது. அதற்காகத் தோமியே 1832இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

1835இல் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைத் தொடர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் கடுமையான சட்டங்கள் இயற்றப்பட்டன. படங்களை வெளியிட அரசின் முன்அனுமதி கட்டாயமானது. கட்டுரைகளுக்கு இல்லாத அந்த விதி படங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டது. ‘லா கரிகாதுர்’ நின்றுபோனது. இனி ஆட்சியாளர்களை வரைய முடியாது. அப்படியானால், எதை வரைவது?

தோமியேவும் அவருடைய தோழர்களும் தங்கள் பார்வையை அரண்மனையிலிருந்து தெருவுக்குத் திருப்பினர். வழக்கறிஞர், மருத்துவர், வீட்டு உரிமையாளர், பங்கு வணிகர், நாடகம் பார்க்க வந்தவர், இரயில் பயணி என அன்றாட மனிதர்கள் படங்களில் நுழைந்தனர். 1836க்கும் 1838க்கும் இடையில் தோமியே ‘ரொபேர் மக்கேர்’ என்னும் எத்தனைக் கதைமாந்தராக வைத்து நூறு படங்கள் வரைந்தார். அவன் ஒரு படத்தில் மருத்துவன், மற்றொன்றில் வழக்கறிஞன், இன்னொன்றில் நிறுவனம் தொடங்கிப் பிறர் பணத்தை விழுங்குபவன். உடை மாறினாலும் ஏமாற்று மாறாது. எந்த அமைச்சரின் பெயரும் அங்கே இல்லை. ஆனால், பணமே எல்லாம் என்று எண்ணிய ஒரு காலமே அப்படங்களில் அகப்பட்டுக்கொண்டது.

தோமியேவின் நீதிமன்றப் படங்களுள் ஒன்று இன்றும் நெஞ்சைத் தைக்கிறது. வழக்கில் தோற்ற பெண் ஒருவர் தம் குழந்தையுடன் அழுதுகொண்டு நடக்கிறார். அவருடைய வழக்கறிஞரோ பெருமிதத்தோடு உடன் செல்கிறார். வழக்குத் தோற்றாலும், தம்முடைய வாதத்தைக் கேட்கும் இன்பமாவது கிடைத்ததே என்று அவர் ஆறுதல் கூறுகிறார்! இங்கே சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். அழும் பெண்மீது விழவில்லை. அவருடைய துயரத்தைக்கூடத் தம் புகழுக்குப் பயன்படுத்தும் வழக்கறிஞர்மீது விழுகிறது.

புதிதாக வந்த இரயில் பயணத்தையும் தோமியே விடவில்லை. குளிர்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணிகள் விறைத்துச் சுருண்டிருப்பதை வரைந்தார். அதிலும் ஏழைப் பயணிகள் கேலிக்குரியவர்கள் அல்லர். அவர்களை அந்த நிலையில் ஏற்றிச் சென்றவர்களே கேலிக்குரியவர்கள். 1879இல் மறைந்த தோமியே தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4000 கல்லச்சுப் படங்களை வரைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் மக்கள் எப்படி உடுத்தினர், எதற்கு ஆசைப்பட்டனர், எதை மறைக்க முயன்றனர் என்பதை அறிய வரலாற்று அறிஞர்கள் இன்றும் அப்படங்களை நாடுகின்றனர்.

குறி தவறிய அம்பு

மேதைகளின் கேலியும் சில வேளைகளில் குறி தவறும். அக்காலத்தில் நூல்களைப் படித்து, எழுத்துலகில் ஈடுபட்ட பெண்களை ‘நீலக் காலுறை’ என்று பட்டப்பெயரிட்டு அழைத்தனர். 1844இல் தோமியே அப்பெண்களைப் பற்றி ஒரு படத்தொடர் வரைந்தார். எழுத்தில் மூழ்கிய தாயின் குழந்தை கவனிப்பாரின்றித் தவிப்பது போன்ற காட்சிகள் அதில் இடம்பெற்றன. ஆண் எழுத்தாளர் எழுதிக்கொண்டிருந்தால் யாரும் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார்கள்.

கோடுகளின் திறமை இப்படங்களிலும் குறையவில்லை, குறைந்தது நியாயம். வழக்கறிஞரைக் கேலி செய்தபோது தோமியே வலியவரின் தவற்றைச் சுட்டினார். படித்த பெண்களைக் கேலி செய்தபோதோ, கல்வியுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்குமாறு கூட்டத்தை அழைத்தார். முன்னது ஒரு பழக்கத்தைத் திருத்த உதவும். பின்னது ஒரு தப்பெண்ணத்தை உறுதிப்படுத்தும்.

நம் மண்ணில் எள்ளல்

சமூக எள்ளல் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றி வாழ்ந்த ஓவியர்கள், கோயிலுக்கு வருவோருக்குக் குறைந்த விலையில் படங்களை விற்றனர். தெய்வங்களை வரைந்த அதே தூரிகையால் அவர்கள் ஊராரின் போக்கையும் வரைந்தனர். மினுக்கிக்கொண்டு திரியும் பணக்கார இளைஞர் ஒரு படத்தில் வருவார். மற்றொரு படத்தில், நெற்றியில் சமயச் சின்னம் அணிந்த பூனை ஒன்று வாயில் மீனைக் கவ்வியிருக்கும். போலிப் பக்தியைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதியும் சொல்ல முடியாததை அந்தப் பூனை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. அதே நகரில் 1917இல் ககனேந்திரநாத் தாகூர், சமூகத்தின் போலித்தனங்களைச் சாடும் படங்களைக் கல்லச்சிலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

தமிழ் இதழ்களில் கருத்துப்படங்களுக்கு வழிகாட்டியது ‘இந்தியா’ வார இதழாகும். 1906இல் சென்னையில் தொடங்கப்பட்ட அவ்விதழின் ஆசிரியப் பணியை மகாகவி சுப்பிரமணிய பாரதியார் ஏற்றிருந்தார். ஆங்கிலேய ஆட்சியைச் சாடும் படங்கள் அதில் வெளிவந்தன. அரசின் நடவடிக்கை கடுமையானதும், 1908இல் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. ஆங்கிலேயரின் சட்டம் அங்கே செல்லாது. எனினும், ஆங்கிலேயர் தங்கள் ஆட்சிப்பகுதிக்குள் இதழ் நுழைவதைத் தடுத்தனர். 1910இல் இதழ் நின்றது. பாரிஸில் நடந்ததைப் போலவே இங்கும் கோடுகளைக் கண்டு ஆட்சி அஞ்சியது.

1930களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் மாலி என்னும் ஓவியர் வரைந்த படங்கள் தமிழரின் வீட்டுக்கூடத்தையும் கச்சேரி மேடையையும் நகைச்சுவையோடு காட்டின. அவர் வழியில் வந்த கோபுலு, ஒரு சொல்கூட இல்லாமலே வாசகரைச் சிரிக்க வைக்கும் படங்களை வரைந்தார். அடுத்த வீட்டில் நடப்பது போன்ற காட்சி. சற்று உற்றுப் பார்த்தால் அது நம் வீடு!

தம்மைத் தாமே வரைந்தவர்

மலேசியாவில் இக்கலையின் தலைமகன் டத்தோ லாட். அவருடைய இயற்பெயர் முகமது நோர் காலிட். 1951இல் பேராக் மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் அவருடைய முகம் உருண்டையாக இருந்ததால் ‘புலாட்’ என்று அழைத்தனர். மலாய்மொழியில் அதற்கு வட்டம் என்று பொருள். அதுவே சுருங்கி ‘லாட்’ ஆனது. அவருடைய முதல் சித்திரக்கதை நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதின்மூன்றுதான்.

பின்னர், அவர் நாளிதழில் குற்றச் செய்தியாளராகப் பணியாற்றினார். 1974இல் மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள் ஓர் ஆசிய இதழில் வெளிவந்து பாராட்டுப் பெற்றன. தங்கள் நிறுவனத்திலேயே இத்தகைய ஓவியர் இருப்பதை ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழ் அப்போதுதான் உணர்ந்தது. அதன்பின் ‘மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவருடைய படங்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1979இல் வெளிவந்த ‘கம்போங் பாய்’ என்னும் நூல் அவருக்கு உலகப்புகழைத் தேடித்தந்தது.

லாட்டின் படங்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், பஞ்சாபியர் என அனைவரும் வருகின்றனர். வண்ணத்துப்பூச்சி வடிவக் கண்ணாடி அணிந்த கண்டிப்பான ஆசிரியை, திருவிழாக்கால நெரிசல், திருமண வீட்டுப் பரபரப்பு என எல்லாம் உண்டு. பல இனத்தவரையும் கேலி செய்தபோதிலும், அவரை எல்லா இனத்தவரும் தம்மவராகவே எண்ணுகின்றனர். ஏன்? கலைந்த தலைமுடியும் அகன்ற மூக்குமாகத் தம்மைத் தாமே அவர் முதலில் கேலி செய்துகொண்டார். பிறரை வரையும்போதும் அவர்களுடைய பிறப்பை நகையாடவில்லை, பழக்கத்தையே நகையாடினார். பேராசிரியர் கூறிய எள்ளலின் இரண்டு பக்கங்களும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

நம் ஊரும் நம் கையிலுள்ள கருவியும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் பாலோ என்னும் சிற்றூர் உள்ளது. இரயில் நிலையம், கடைகள், சுற்றிலும் தோட்டங்கள் என அமைந்த ஊர் அது. தோமியே இன்று அங்கே வந்தால் வரைவதற்கு ஏதேனும் கிடைக்குமா? கிடைக்காமல் போகாது. உணவகத்தில் ஒரே மேசையில் அமர்ந்த நால்வர் தத்தம் திறன்பேசியோடு பேசிக்கொண்டிருப்பர். திருமண மேடையில் வாழ்த்த வந்தவர் மணமக்களுக்கு முதுகைக் காட்டித் தம்படம் எடுத்துக்கொண்டிருப்பார். தூய்மையைப் பற்றிக் கூட்டத்தில் முழங்கியவர், திரும்பும் வழியில் மகிழுந்தின் சன்னலைத் திறந்து நெகிழிப்பையை வீசுவார். இவை பாலோவில் மட்டும் நடப்பவை அல்ல. எந்த ஊரிலும் காணத்தக்கவை. எனவேதான், இவற்றை வரைந்தால் எந்த ஊராரும் சிரிப்பர்.

இன்று அவற்றை வரைய சுண்ணாம்புக் கல் தேவையில்லை. திறன்பேசியில் ஒரு படத்தை எடுத்து, மேலே ஒரு வரியைச் சேர்த்தால் ‘மீம்’ தயார். ஒரே நொடியில் அது புலனக் குழுக்களில் பரவிவிடும். பிலிப்போனுக்குக் கிடைக்காத வேகம் நம் ஒவ்வொருவரின் விரல்நுனியிலும் உள்ளது. பொறுப்பும் அங்கேதான் உள்ளது.

வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு மாணவரின் படத்தைக் குழுவில் பகிர்ந்து நாற்பது பேர் சிரிப்பதாக வைத்துக்கொள்வோம். பகிர்ந்தவர் அதைக் கேலிச்சித்திரம் என்று எண்ணக்கூடும். ஆனால், அதற்கும் பேரிக்காய்ப் படத்திற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. பிலிப்போன் தம்மைச் சிறையில் அடைக்கும் வல்லமை படைத்த மன்னரை எதிர்த்தார். இங்கோ, நாற்பது பேர் சேர்ந்து தனித்து நிற்கும் ஒருவரைத் தாக்குகின்றனர். மன்னர் தம் ஆட்சியைத் திருத்திக்கொள்ள முடியும். திக்கிப் பேசுபவர் அதைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் படம் எதையும் திருத்தாது. அவரை வகுப்பில் வாய் திறக்கவிடாமல் மட்டும் செய்யும்.

ஆகவே, ஒரு கேலிப்படத்தை வரையும் முன்னும் பகிரும் முன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இப்படம் ஒருவரின் நடத்தையைக் காட்டுகிறதா, அல்லது அவருடைய உடலையும் நிறத்தையும் பிறப்பையும் காட்டுகிறதா? இதில் கேலிக்குள்ளாவோர் நம்மைவிட வலியவரா, எளியவரா? அந்த இடத்தில் நம்மை வைத்து வரைந்திருந்தால் நாமும் சேர்ந்து சிரிப்போமா?

இக்கேள்விகளால் சிரிப்பு குறைந்துவிடாது. தோமியேவின் வழக்கறிஞர் படமும், காளிகாட் பூனையும், லாட்டின் சிறுவனும் இவற்றுக்கு விடை கூறிவிட்டு இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. படித்த பெண்களைப் பழித்த படத்தொடரோ இன்று அக்காலத்தின் தப்பெண்ணத்திற்குச் சான்றாக மட்டும் எஞ்சி நிற்கிறது.